மலடி என்று சொல்லுமுன்...

 

 

கொல்லிமலை அடிவாரத்தில் பேளுக்குறிச்சி என்றோர் ஊர் இருக்கிறது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு கூடும் வாரச்சந்தை மளிகைச் சரக்குக்குப் பேர் போனது. மல்லி, மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் என்று வருடத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிப் போட்டுக்கொள்ளச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அங்கே வருவார்கள். நமது மதரஸாச் சமையலுக்குச் சாமான் வாங்க நானும் போவதுண்டு.

அந்தச் சந்தையில் எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவர். அத்தா காலத்திலிருந்து மளிகை வியாபாரம். வயது முப்பத்திரண்டு. அமைதியானவர், ஐவேளைத் தொழுகையாளி. ஒருநாள் சந்தை ஓரத்துப் புளியமரத்தடியில் துண்டை விரித்து இருவரும் லுஹர் தொழுது முடித்தோம். அந்த நேரம் பார்த்து அவருடைய தாயாரும் தாய்மாமனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பையனை ஏதோ சாக்குச் சொல்லி அப்பால் அனுப்பிவிட்டு, அந்த அம்மாள் பேச்சைத் தொடங்கினார்.

"ஹஜ்ரத், இவனுக்கு நிக்காஹ் ஆகி ஏழு வருஷம் ஆச்சு. வயித்துல ஒரு புழு பூச்சி இல்லை. பொண்ணு நல்லவதான், குறை சொல்லக் கூடாது. ஆனா மலடியா போயிட்டாளே! எங்களுக்கு வம்சம் வேணுமில்லையா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா இவன் கேப்பான். முறைப்படி ஒரு தலாக் கொடுத்துட்டு வேற இடம் பாக்கலாம்னு இருக்கோம்."

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உங்கள் மகனை எந்த டாக்டரிடமாவது காட்டினீர்களா?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்பளைக்கு என்ன ஹஜ்ரத் பரிசோதனை? பெத்துக்கிறவ அவதானே!" என்றார்.

சகோதரர்களே! இந்தச் சொல் அந்த ஒரு தாயின் சொல் அல்ல. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இந்தச் சொல்தான் புழங்குகிறது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதத் துணிந்தேன். மார்க்க விஷயத்தில் கேள்வி கேட்பதற்கு அன்ஸாரிப் பெண்கள் வெட்கப்பட்டதில்லை என்று அன்னை ஆயிஷா ரளியல்லாஹு அன்ஹா அவர்கள் அவர்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். நாமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

நான் செய்த தவறு

முதலில் என் மீதுள்ள குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸனது வாங்கி வெளியே வந்த புதிதில், ஒரு மஹல்லாவில் நான் இமாமாக இருந்தேன். இதே போன்ற வழக்கு ஒன்று வந்தது. ஐந்து வருடமாகப் பிள்ளை இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தலாக் கேட்டார்கள். பெண் வீட்டார் ஏழைகள், எதிர்த்துப் பேசவில்லை. மஹர் பாக்கி எவ்வளவு, இத்தா எத்தனை நாள், நகை யாருக்கு என்று எல்லாம் விசாரித்தேன். விசாரிக்க வேண்டிய ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் குறை இருக்கிறதா என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. இதே பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணை வேறோர் ஊரில் மறுமணம் செய்து கொடுத்தார்கள். வருடம் திரும்புமுன் அவள் மடியில் ஆண் குழந்தை. முந்திய கணவரும் மறுமணம் செய்தார். இன்றுவரை அவர் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. இப்போது இரண்டாவதாக வந்தவளையும் அதே பெயர் சொல்லி அழைக்கிறார்களாம். ஐந்து வருடம் ஒரு பெண்மணி செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்கினாள். அந்த ஏச்சுக்கு முத்திரை குத்திக் கொடுத்தவன் நான். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

ஆகவே பேளுக்குறிச்சிப் புளியமரத்தடியில் நான் அவசரப்படவில்லை. "அம்மா, முதலில் மகனைக் காட்டுங்கள். பிறகு பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன்.

நபி ஜகரிய்யா அவர்களின் துஆ

பிள்ளைச் செல்வம் அல்லாஹ்வின் கையில் உள்ளது. நாடியவர்களுக்குப் பெண் மக்களையும், நாடியவர்களுக்கு ஆண் மக்களையும், சிலருக்கு இருவகையையும் கொடுக்கிறான். சிலரைப் பிள்ளையற்றவர்களாகவே ஆக்குகிறான் என்ற கருத்தைத் திருமறையின் அஷ்ஷூரா அத்தியாயத்தில் காண்கிறோம். அங்கே ஆண் என்றோ பெண் என்றோ பிரித்துச் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளையின்மை இருவருக்கும் பொதுவான சோதனை.

மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் நபி ஜகரிய்யா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் இரகசியமாகத் தம் இறைவனிடம் கையேந்திய செய்தி வருகிறது. அந்த துஆவில் அவர்கள் முதலில் எதைச் சொன்னார்கள்? தம் எலும்புகள் தளர்ந்துவிட்டதையும், தலை நரைத்துவிட்டதையும் சொன்னார்கள். தம்மிடமுள்ள பலவீனத்தை முன்வைத்த பிறகே மனைவியாரின் பிள்ளைப்பேறின்மையைப் பேசினார்கள். ஒரு நபி தம் குறையை முதலில் சொல்லுகிறார். நம் வீட்டு மாப்பிள்ளையோ தன் குறையைக் கடைசியில்கூடச் சொல்வதில்லை!

அந்த துஆ எப்படிக் கபூலாயிற்று? அல் அன்பியா அத்தியாயத்தில், அவருடைய துணைவியாரை அவருக்காகச் சீர்படுத்தினோம் என்ற பொருளில் அல்லாஹ் கூறுகிறான். மகப்பேற்றுக்குத் தகுதியற்றிருந்த உடலைத் தகுதியாக்கினான் என்று முபஸ்ஸிர்களில் பலர் விளக்கம் தருகிறார்கள். அந்த அம்மையாரை விலக்கிவிட்டு வேறொருவரை மணக்கும்படி சொல்லப்படவில்லை. குறை நீக்கப்பட்டது, குடும்பம் காக்கப்பட்டது.

நமது நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தையும் பாருங்கள். அன்னை கதீஜா, அன்னை மாரியா ரளியல்லாஹு அன்ஹுமா ஆகிய இருவர் வழியாகவே பெருமானாருக்கு மக்கள் பிறந்தார்கள். அன்னை ஆயிஷா நாயகிக்குப் பிள்ளை இல்லை. தம் சகோதரியின் மகனாரான அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்று அவர்கள் அழைக்கப்பட்டார்கள். முஃமின்களின் தாய் ஒருவரை 'மலடி' என்று சொல்ல எந்த நாக்குக்குத் துணிவு உண்டு? அப்படியிருக்க, நம் வீட்டுக்கு வந்த மருமகளை மட்டும் அந்தச் சொல்லால் குத்துவது என்ன நியாயம்?

வாசனை தெரியாத வியாபாரி

இனி அந்த வியாபாரியின் கதைக்கு வருவோம். சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சங்கதி என் கண்ணில் பட்டது. மல்லி வாங்குகிறவர்கள் கையில் அள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பது வழக்கம். இவரோ கண்ணால் பார்ப்பார், பல்லால் கடிப்பார். மோந்து பார்ப்பதே இல்லை. விளையாட்டாகக் கேட்டேன். அவர் தயக்கத்தோடு சொன்னார்: "எனக்குப் பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாது ஹஜ்ரத். வெளியே சொன்னா வியாபாரம் போயிடும். சரக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவதான் மோந்து பார்த்துத் தரம் சொல்லுவா."

யாரை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டுமென்று தாயார் சொல்கிறாரோ, அவள்தான் ஏழு வருடமாக அந்தக் கடைக்கு மூக்காக இருந்திருக்கிறாள்!

என் பால்ய நண்பர் ஒருவர் டாக்டராக இருக்கிறார். அவரிடம் இந்தச் செய்தியைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவருக்குத் தாடி அடர்த்தியாக இருக்கிறதா? குரல் எப்படி?" என்று கேட்டார். தாடி அரும்பு போல் இருக்கும். குரலும் இளம்பிள்ளைக் குரல்தான் என்றேன். "உடனே அனுப்பி வையுங்கள். இது குணமாகக் கூடிய வியாதியாக இருக்கலாம்" என்றார். அவர் எனக்குச் சொல்லி விளங்க வைத்ததை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

உடலுக்குள் நடப்பது என்ன?

மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உண்டு. மேலேயுள்ளது ஏவினால், கீழேயுள்ள சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடும். அவை விரைகளைச் சென்றடைந்ததும் வேலை தொடங்கும். எல்.எச். என்பது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மைச் சுரப்பை உண்டாக்கச் செய்யும். எஃப்.எஸ்.எச். அத்துடன் சேர்ந்து உயிரணுக்கள் வளர உதவும்.

மேலிருந்து ஏவல் வரவில்லையென்றால்? கொத்தனார் இருக்கிறார், செங்கல் இருக்கிறது. வேலையைத் தொடங்கச் சொல்ல மேஸ்திரி வரவில்லை. வீடு எப்படி எழும்பும்? இப்படிப்பட்டவருக்கு விரைகள் சிறுத்திருக்கும். பருவம் முழுமையாக வராது. இந்திரியத்தில் உயிரணு இராது. ஆனால் விரைகள் கெட்டுப் போய்விடவில்லை. ஏவலுக்காகக் காத்திருக்கின்றன.

சிலருக்கு இது பிறவியிலேயே அமைகிறது. கரு வளரும்போது, அந்த ஏவலை அனுப்பும் நரம்பணுக்கள் மூக்குப் பக்கத்திலிருந்து மூளைக்குப் பயணம் செய்கின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டால் வாசனை உணர்வும் போகும், ஏவலும் போகும். இதை 1944-ல் கால்மன் என்ற மருத்துவர் விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இந்நோய் அழைக்கப்படுகிறது. வேறு சிலருக்குப் பருவமெல்லாம் சரியாக வந்தபின், பிட்யூட்டரியில் கட்டி தோன்றுவதாலோ, புரோலாக்டின் என்னும் சுரப்பு அதிகமாவதாலோ இந்தக் குறை உண்டாகும். ஓயாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை குறைதல், இல்லற நாட்டம் அற்றுப்போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். புரோலாக்டின் மிகுதிக்குப் பெரும்பாலும் மாத்திரையே போதும்.

இது அபூர்வமான குறை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையில்லாத ஆண்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கே இது காரணமாகிறது. ஆனால் ஆணின் மலட்டுத் தன்மைக்கு மருந்தாலேயே நல்ல பலன் கிடைக்கும் சில காரணங்களில் இதுவே முதன்மையானது. அந்த ஓரிருவர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. இந்திரியப் பரிசோதனை இரண்டு தடவை. காலை வேளையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் அளவுகள். தேவைப்பட்டால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. படம். எஃப்.எஸ்.எச். அளவு மிக உயர்ந்திருந்தால் விரையே பழுதாகியிருக்கிறது என்று பொருள்; அவருக்கு இந்த ஊசியால் பயனில்லை. டெஸ்டோஸ்டிரோனும் மற்ற இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால்தான் இந்தச் சிகிச்சைக்கு இடமுண்டு.

சிகிச்சை இதுதான்: எச்.சி.ஜி. என்ற ஊசியை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போடுவார்கள். அது எல்.எச். செய்யும் வேலையைச் செய்யும். மூன்று முதல் ஆறு மாதம் சென்றும் உயிரணு தோன்றாவிட்டால் எஃப்.எஸ்.எச். ஊசியையும் சேர்ப்பார்கள். ஓர் உயிரணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே ஒரு மாதம் ஊசி போட்டுவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துவது, விதைத்த மறுநாளே அறுக்கப் போவது போலாகும். பலருக்கு 6 முதல் 12 மாதத்திலும், சிலருக்கு 24 மாதம் வரையிலும் சென்று உயிரணு தோன்றுகிறது. ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குப் பலன் கிடைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. எண்ணிக்கை குறைவாக இருந்தும் கருத்தரிப்பு நிகழ்ந்தவர்கள் உண்டு. முகப்பரு, மார்பு வீக்கம் போன்ற சில்லறைத் தொல்லைகள் வரலாம். டாக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

ஊக்க ஊசி என்னும் ஏமாற்று

இங்கே ஓர் எச்சரிக்கை. இளைஞர்கள் கூர்ந்து படிக்கவும். 'ஆண்மை ஊசி' என்று டெஸ்டோஸ்டிரோனையே நேராகப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் உடம்பை ஏற்றுவதற்காகவும் போடுகிறார்கள். உடம்பு முறுக்கேறும், தாடி வளரும், ஆனால் பிள்ளை வராது. வெளியிலிருந்து அந்தச் சுரப்பு வந்ததும், போதும் என்று பிட்யூட்டரி தன் ஏவலை நிறுத்திக்கொள்ளும், உயிரணு வற்றிவிடும். உலக சுகாதார நிறுவனம் 1990-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாரம் ஒரு தடவை இந்த ஊசியைப் போட்டு, அதை ஆண்களுக்கான கருத்தடையாகவே பரிசோதித்தார்கள்! பிள்ளை வேண்டுமென்று கருத்தடை மருந்தைப் போட்டுக்கொள்ளும் பேதைமையை என்னென்பது?

அதேபோல் தாது புஷ்டி லேகியம் என்று மலையடிவாரத்துச் சந்தைகளில் விற்கும் டப்பாக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொல்லிமலை மூலிகைக்குப் பேர் போன மலை; அதை நான் குறை சொல்லவில்லை. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து தின்பதைத்தான் குறை சொல்கிறேன். பிட்யூட்டரி ஏவாத குறையை லேகியம் தீர்க்காது. அந்த வியாபாரியின் மனைவி ஏழு வருடத்தில் எத்தனை லேகியம் விழுங்கினாள், எத்தனை நூல் கட்டினாள், எத்தனை ஸ்கேன் எடுத்தாள் என்று கணக்கில்லை. அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றே எல்லா டாக்டர்களும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதங்களை யாரும் படிக்கவில்லை.

ஷரீஅத் தந்த ஓராண்டுத் தவணை

"அல்லாஹ் கொடுத்தால் கொடுக்கிறான். ஊசியா பிள்ளை கொடுக்கும்?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி ஈமானிலிருந்து வருகிறது, மதிக்கிறேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அல்லாஹ்வின் அடியார்களை வைத்தியம் செய்துகொள்ளும்படி ஏவியதோடு, முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அவன் மருந்தை இறக்கியிருப்பதாகவும் அறிவித்தார்கள். ஸஅது இப்னு அபீவக்காஸ் ரளியல்லாஹு அன்ஹு நோயுற்றபோது, ஸகீப் கூட்டத்து வைத்தியரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படி சொன்னார்கள். மருந்து அல்லாஹ்வின் படைப்பு. அதில் குணத்தை வைப்பதும் வைக்காததும் அவன் நாட்டம்.

நமது ஃபிக்ஹு நூல்களில் 'இன்னீன்' என்றொரு பாடம் உண்டு. மனைவியுடன் இல்லறம் நடத்த இயலாத கணவனைப் பற்றியது. மனைவி காஜியிடம் முறையிட்டால், காஜி உடனே பிரித்து வைக்கக் கூடாது. ஒரு வருடம் தவணை கொடுக்க வேண்டும். ஹஸ்ரத் உமர், ஹஸ்ரத் அலீ, ஹஸ்ரத் இப்னு மஸ்ஊது ரளியல்லாஹு அன்ஹும் ஆகியோரிடமிருந்து இத்தீர்ப்பு வந்திருக்கிறது. ஏன் ஒரு வருடம்? குளிர், வெப்பம், ஈரம், வறட்சி ஆகியவை உள்ளடங்கிய நான்கு பருவமும் அவன் மீது கடந்து போகட்டும். ஒரு பருவத்தில் தீராத நோய் இன்னொரு பருவத்தில் தீரலாம் என்று இமாம்கள் காரணம் சொல்கிறார்கள். அந்தத் தவணைக்குப் பிறகும் இயலாவிட்டால் முடிவு செய்யும் உரிமை மனைவிக்கு! நம் நாட்டில் 1939-ம் வருடத்து முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலும் கணவன் கேட்டுக்கொண்டால் கோர்ட்டு ஒரு வருட அவகாசம் தர வேண்டும் என்ற விதி இடம்பெற்றிருக்கிறது.

இல்லற இயலாமை வேறு, பிள்ளையின்மை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இச்சட்டத்தின் உட்கருத்தைக் கவனியுங்கள். குறையுள்ள ஆணுக்குக்கூடப் பொறுமையோடு ஒரு வருட வைத்தியத் தவணை கொடுத்தது ஷரீஅத். குறையே இல்லாத பெண்ணுக்கு ஒரு நாள் தவணைகூடக் கொடுக்காமல் தலாக் எழுதச் சொல்கிறோமே, இது எந்த ஷரீஅத்?

மருந்தின் மூலம் பற்றிய ஐயம்

அந்த வியாபாரி ஊசி போடத் தொடங்கிய மாதமே என்னிடம் ஓடி வந்தார். "ஹஜ்ரத், இந்த மருந்து பொம்பளைங்க சிறுநீர்ல இருந்து எடுக்கிறதாமே! ஹராமில்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி, பேணுதலுள்ளவர் கேட்கும் கேள்வி.

செய்தி உண்மைதான். எச்.சி.ஜி. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் எஃப்.எஸ்.எச். மிகுதியாக இருக்கும். 1950-களில் இத்தாலியில் கன்னிமாடங்களில் இருந்த முதிய பெண்களிடம் சேகரித்துத்தான் அம்மருந்தைத் தயாரித்தார்கள். 1995 முதல், சிறுநீரே இல்லாமல், சோதனைக்கூடத்தில் வளர்த்த வெள்ளெலி உயிரணுக்களின் மூலம் எஃப்.எஸ்.எச். செய்யும் முறையும் வந்துவிட்டது, விலைதான் கூடுதல்.

மனிதச் சிறுநீர் நஜீஸ் என்பதில் இமாம்களிடையே இரண்டு கருத்தில்லை. மருந்துக்காக நஜீஸான பொருளைப் பயன்படுத்தலாமா என்பதில்தான் பேச்சு. உரைனாக் கூட்டத்தார் நோயுற்றபோது ஒட்டகத்தின் பாலையும் சிறுநீரையும் அருந்தும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியில் உள்ளது. அதை வைத்து நம் மத்ஹபின் மூன்று இமாம்களும் மூன்று விதமாகச் சட்டம் எடுத்தார்கள். இமாம் அபூஹனீஃபா ரஹ்மத்துல்லாஹி அலைஹி மருந்துக்கும் கூடாது என்றார்கள். இமாம் அபூயூசுஃப் மருந்துக்கு ஆகும் என்றார்கள். இமாம் முஹம்மது அதைத் தூய்மையானது என்றே கருதினார்கள். பிற்காலத்து ஹனஃபி உலமாக்களில் பலர், தேர்ந்த வைத்தியர் இதில்தான் குணம் என்று சொல்லி, அதற்கு ஈடான ஹலாலான மருந்து கிடைக்காதபோது ஆகும் என்று தீர்ப்பளித்திருக்கிறார்கள். மேலும் இந்த ஊசியில் உள்ளது சிறுநீர் அல்ல. பல படிகளில் சுத்திகரித்து எடுத்த புரதத் தூள். அது உண்ணப்படுவதுமில்லை, பருகப்படுவதுமில்லை. ஆகவே தேவையுள்ளவர் போட்டுக்கொள்ளலாம் என்பதே என் சிற்றறிவுக்குப் பட்டது. வசதி உள்ளவர் சோதனைக்கூடத்தில் தயாரான மருந்தைத் தேர்ந்தெடுப்பது பேணுதலுக்கு உகந்தது. ஐயம் தீராதவர்கள் தத்தம் ஊர் முஃப்திகளிடம் கேட்டுத் தெளிவு பெறுவார்களாக!

இன்னும் சில சட்டங்கள்

பரிசோதனைக்கு இந்திரியம் கொடுக்க நேரும்போது, மனைவியின் துணையோடு வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுப்பதே சிறந்த வழி. உயிரணுவைக் கொல்லாத விசேஷ உறையும் இதற்கென்றே உண்டு. குளிப்புக் கடமையாகும் என்பதை மறக்கலாகாது.

மறைவிடத்தை டாக்டர் பார்ப்பது தேவையின் அளவுக்கே ஆகும். ஆணுக்கு ஆண் டாக்டரையே தேட வேண்டும்.

ரமலானில் தசையிலோ தோலுக்கடியிலோ போடும் ஊசியால் நோன்பு முறிவதில்லை என்பது நம் உலமாக்களில் பெரும்பாலோரின் தீர்ப்பு. என்றாலும் இஃப்தாருக்குப் பின் போட்டுக்கொண்டால் மனம் நிம்மதியாயிருக்கும்.

இந்த ஊசிகளுக்கு ஆகும் செலவு கொஞ்சமல்ல. ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக்கு ஜகாத் பணத்தைக் கையில் உடைமையாக்கிக் கொடுத்தால், அவர் அதை வைத்தியத்துக்குச் செலவிடலாம். கல்யாணத்துக்கு உதவும் ஜமாஅத்துகள் கல்யாணம் முறியாமல் இருப்பதற்கும் உதவக் கூடாதா?

எல்லை எது? கணவனின் உயிரணு, மனைவியின் கருமுட்டை, இருவருக்குமிடையே நிலைத்திருக்கும் நிக்காஹ். இவை மூன்றுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு வழி உண்டு. அந்நியர் ஒருவரின் உயிரணு உள்ளே வந்தால் அது ஹராம். 1980-ல் அல் அஸ்ஹரின் ஃபத்வாவும், 1986-ல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியின் தீர்மானமும் இதையே உறுதி செய்தன. நம் நாட்டில் 2021-ம் வருடத்துச் சட்டப்படி தானம் பெற்ற உயிரணுவுக்கு அனுமதி உண்டு. சர்க்கார் அனுமதித்தது என்பதற்காக ஷரீஅத்தில் ஆகுமாகிவிடாது. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன்பும் படித்துக் கேட்டுப் போடுங்கள். ஹார்மோன் ஊசியிலோ இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கணவனின் உடலையே சீர்படுத்தி, அவனுடைய உயிரணுவையே உண்டாக்கும் சிகிச்சை அது.

முடிவு அவன் கையில்

அந்த வியாபாரிக்கு டாக்டர் நண்பர் சந்தேகித்தது சரியாகவே இருந்தது. ஊசி தொடங்கிற்று. முதல் ஆறு மாதத்தில் குரல் கனத்தது, தாடி அடர்ந்தது. சந்தையில் பழகியவர்கள் ஆளே மாறிவிட்டார் என்று சொன்னார்கள். ஆனால் பரிசோதனையில் உயிரணு இல்லை. இரண்டாவது ஊசியும் சேர்ந்தது. வாரந்தோறும் அதை அவருக்குப் போட்டுவிட்டவள் அவர் மனைவியேதான், நர்சிடம் கற்றுக்கொண்டாளாம். பத்தாவது மாதத்தில் அவர் மனம் உடைந்து, "போதும் ஹஜ்ரத், விட்டுடறேன்" என்றார். "ஷரீஅத் நான்கு பருவம் கொடுத்திருக்கிறது, நீங்கள் இன்னும் மழைக்காலத்தைத் தாண்டவில்லை" என்று சொல்லி அனுப்பினேன். பதினான்காவது மாதம் உயிரணு தென்பட்டது என்று காகிதம் வந்தது. சொற்பம்தான், ஆனால் இருந்தது.

அந்தக் காகிதத்தோடு தாயாரும் வந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மருமகளின் பக்கம் திரும்பி, "என்னை மாப்பு செய்யிம்மா" என்றார். அந்தப் பெண் அழுதாள். ஏழு வருடமாகச் சுமந்த பெயர் அன்று இறங்கியது.

இதை எழுதும் இன்றுவரை அவர்களுக்குக் குழந்தை இல்லை. காத்திருக்கிறார்கள். கிடைத்தால் அல்ஹம்து லில்லாஹ். கிடைக்காவிட்டாலும் அல்ஹம்து லில்லாஹ். அந்த வீட்டில் இனி 'மலடி' என்ற சொல்லும் இல்லை, தலாக் என்ற பேச்சும் இல்லை. சரக்கு வந்தால் அவள் மோந்து பார்க்கிறாள்; அவர் விலை பேசுகிறார்.

சகோதரர்களே! உங்கள் வீட்டில் வருடம் ஒன்று கடந்தும் பிள்ளை உண்டாகவில்லையென்றால், மனைவியை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் போங்கள். தாய்மார்களே! மருமகளை ஏசுமுன் மகனின் பரிசோதனைக் காகிதத்தைக் கேட்டுப் பாருங்கள். இமாம்களே, முத்தவல்லிமார்களே! தலாக் கேட்டு வருபவர்களிடம், நான் கேட்கத் தவறிய அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதிய காகிதத்துக்கு நாளை மஹ்ஷரில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

யா அல்லாஹ்! பிள்ளையில்லாமல் ஏங்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஸாலிஹான சந்ததியைத் தந்தருள்வாயாக! தராத இடத்தில் அழகிய பொறுமையைத் தந்தருள்வாயாக! குற்றமற்றவர்களைப் பழி சொல்லும் பாவத்திலிருந்து எங்கள் நாவுகளைக் காத்தருள்வாயாக! ஆமீன்.